மாமியாரை மாற்றியவள்

மாமியாரின் நெஞ்சில் ஓட்டை போடும் வேலையை அம்மா மகளிடம் கொடுத்துவிட்டாள். தான் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"நடுவுல போடுடி. ஓரத்துல போட்டா உயிர் போகாது."

மாமியார் என்பது பால் ஆலையின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான பழைய ஸ்டோரேஜ் பெட்டி. ஆள் உயர இரும்பு அலமாரி. உள்ளே வரிசையாக டிஸ்குகள். ஆலையின் கணக்கு, எடை, தர அறிக்கை, சம்பளம் எல்லாம் பல வருடங்களாக அதற்குள்தான் இருந்தன. அந்தப் பெயரை வைத்ததும் அம்மாதான். எல்லாரும் அதைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது, சும்மா இருக்கும்போதும் முனகிக்கொண்டே இருக்கும். வேறு என்ன பேர் வைப்பது?

பெட்டியை நிறுத்தியாயிற்று. பழைய டிஸ்குகளை அப்படியே குப்பையில் போட முடியாது, யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள். ஆலைக்குள் வைத்துத் துளை போடவும் முடியாது. பால் இருக்கும் இடத்தில் இரும்புத் தூள் பறக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அவற்றைப் பால் கிரேட்டுகளில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லைப்பக்க சிமென்ட் தரையில் வைத்து, மகள் ஒவ்வொன்றாக டிரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேல் மூடி அலுமினியம், வெண்ணெய் மாதிரி இறங்கும். அடியில் தட்டைத் தொட்டதும் கீச்சிடும். சின்ன டிஸ்குகளின் தட்டு கண்ணாடி. டிரில் முனை பட்டதும் உள்ளேயே பொடிப் பொடியாகிவிடும். அம்மா அப்படிப்பட்ட ஒன்றைக் காதருகில் வைத்துக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அப்பா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாழ்க்கையில் பாதியைப் பயிற்சிக் காரின் இடப்பக்க சீட்டில், காலடியில் தனி பிரேக்கோடு கழித்தவர்.

"பல் புடுங்குறீங்களா, கொலை பண்றீங்களா? சத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியலையே."

"ரெண்டும்தான். நீங்க உள்ள போய் அடுப்பைப் பாருங்க. ஏதோ கருகுது."

"அது உன் டிரில் நாத்தம்."

"அப்போ ரெண்டையும் பாருங்க."

தாயும் மகளுமாகச் செய்த கடைசிச் சாதாரண வேலை அதுதான். அதற்குப் பிறகு அம்மாவால் கொல்லைப்பக்கம் வரை நடக்க முடியவில்லை.

அம்மா ஆலைக்குச் சேர்ந்தது டைப்பிஸ்டாக. எடைமேடையில் லாரி ஓட்டுநர்கள் கத்துகிற எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் கம்ப்யூட்டர் வந்தபோது ஆண்கள் யாரும் அதைத் தொடவில்லை. உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். "அந்தப் பொண்ணுகிட்ட கொடுங்க, அவளுக்கு என்ன சம்பளமா, பிடிக்கிறதுக்கு" என்றாராம் அன்றைய மேனேஜர். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த மேனேஜரின் மூக்கை நடித்துக் காட்டுவாள். மூக்கு வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போனது.

அப்பாவைப் பிடித்ததும் அப்படித்தான். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். முதல் நாளே அவர் கிளட்ச் பற்றிச் சொன்ன விளக்கம் தப்பு என்றாள். அவர் படம் போட்டுக் காட்டினார். படமும் தப்பு என்றாள். லைசென்ஸ் வாங்காமலே கல்யாணம் செய்துகொண்டாள். கடைசிவரை கார் ஓட்டவே இல்லை. "டிரைவரையே வீட்டோட வெச்சிருக்கேன்" என்பாள்.

மேஜைக்கடியில் ஒரு கம்ப்யூட்டராக இருந்தது, வருடங்கள் போகப் போகக் குளிரூட்டிய அறையாக வளர்ந்தது. அம்மா முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டரோடு அந்த அறையில் குடியிருந்தாள். இரும்பு சர்வர்கள் நாலைந்துதான். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து மாய சர்வர்கள். ஆபீசில் அவற்றை வி.எம். என்பார்கள். எடைமேடைக்கு ஒன்று, தரச் சோதனைக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. சர்வர் செத்தால் அதிலிருந்த வி.எம்.கள் பக்கத்து சர்வரில் எழுந்துகொள்ளும். மாமியார் செத்தால் எங்கும் எழ முடியாது. எல்லாருடைய சோறும் அவள் கையில்.

மாமியாரைச் செய்த கம்பெனி இனி உதிரிபாகம் கிடையாது என்று எழுதிவிட்ட அதே சமயத்தில், டாக்டரும் அம்மாவின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வருஷக் கணக்குல பேச வேண்டாம்மா. மாசக் கணக்குல பேசுவோம்."

"எனக்கும் உதிரிபாகம் கிடைக்காதுன்னு சொல்றீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு அவர்மேல் இருந்த மரியாதை அத்தோடு போயிற்று.

திரும்பி வரும் வழியில் மகளும் காரில் இருந்தாள். அவள் வேறொரு ஊரில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தாள். லீவு போட்டு வந்திருந்தாள். எதையும் உடைத்துப் பார்ப்பதுதான் அவள் தொழில். இதை எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"பேக்கப்புக்கு என்னடி பண்றது?"

பேக்கப் என்பவன் சர்வர் அறையில் அம்மாவுக்கு அடுத்த ஆள். நாற்பது தாண்டியவன். எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருப்பான்: இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு மதியச் சாப்பாட்டு டப்பா. வேலை தெரியும். ஆனால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் அம்மாவுக்குப் போன் போட்டு, "அக்கா, அழுத்தட்டுமா?" என்று கேட்பான். அழுத்து என்று சொன்ன பிறகு இன்னொரு தடவை கேட்பான். அதுவும் இரண்டு.

மாமியாருக்குப் பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, பேக்கப் தன்னந்தனியாக அதை ஓட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கு முன்னால் போகக் கூடாது. அம்மாவின் கவலை அவ்வளவுதான். மகளின் கவலை வேறு. அதை யாரும் கேட்கவில்லை.

சின்ன முதலாளி இன்னொரு பெரிய பெட்டி வாங்கிவிடலாம் என்றார். பழைய முதலாளியான தன் தகப்பனார் காலமான பிறகு ஆலைக்கு வந்தவர். எதையும் பளபளப்பைப் பார்த்து வாங்குவார். அவர் அனுப்பிய விற்பனைக்காரர் டை கட்டியிருந்தார், டை என்றே பெயராயிற்று. படம் படமாகப் போட்டுக் காட்டினார்.

"இதை வாங்கிட்டீங்கன்னா பத்து வருஷம் கவலையே இல்ல மேடம்."

"பத்து வருஷக் கவலை எனக்கு எதுக்கு தம்பி? பத்து மாசத்துக்கே ஆள் இல்ல. சரி, வாங்க."

அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்க வருகிறவர் எவரானாலும் திரையைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். பெட்டியை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பவர் கையாலேயே ஒரு டிஸ்கை உருவச் சொல்வாள். அடுத்து மின்சார ஒயரை. விற்கிறவனே பிடுங்கப் பயந்தால் வாங்குகிறவள் எதற்கு என்பது அவள் வாதம்.

டை தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதையெல்லாம் எங்க இன்ஜினியர்தான் மேடம் தொடணும்."

"தொட்டாச்சிணுங்கியை வெச்சு நான் பால் ஆலை நடத்த முடியாது. காபி குடிச்சிட்டுப் போங்க."

அம்மாவின் மனதில் இருந்தது வேறு முறை. பெரிய பெட்டியே வேண்டாம். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் சாதாரண டிஸ்குகளைப் போட்டு, அவற்றையெல்லாம் மென்பொருள் ஒன்று ஒரே கிடங்காகக் கட்டிவிடும். எந்தத் தகவலும் குறைந்தது இரண்டு சர்வர்களில் இருக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். "மாமியார் இல்லாத கூட்டுக் குடும்பம்" என்று சின்ன முதலாளியிடம் விளக்கினாள். அவர், "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். வீட்டில் அவருக்கு என்ன நிலவரமோ.

இந்த முறையில் இரண்டு மென்பொருள்களைச் சோதித்தாள். முதலாவது இலவசம். உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்தது. விற்பனைக்காரரே கிடையாது, அதனால் அம்மாவே பிடுங்கினாள். டிஸ்கைப் பிடுங்கினாள், ஒயரைப் பிடுங்கினாள், ஒரு சர்வரைக் காலால் தள்ளினாள். அது பாட்டுக்கு ஓடியது. பழைய இரும்புகளில் அதை ஏற்றி மாதக்கணக்கில் விளையாடியிருந்தாள். அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். அப்பா ஒருமுறை, "என்னைப் பத்தி இப்படி யார்கிட்டயாவது பேசியிருக்கியா?" என்று கேட்டார்.

"உங்களைக் காலால தள்ளிப் பார்த்ததில்லையே."

இரண்டாவதைக் கொண்டுவந்தவள் ஒரு பெண். மழையில் சொட்டச் சொட்ட வந்து குடையைச் சர்வர் அறை வாசலிலேயே வைத்தாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அம்மா அதைக் கவனித்தாள். குடை என்று பெயர் வைத்தாள். பிடுங்கச் சொன்னதும் குடை கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"டிஸ்கா, சர்வரேவா?"

"உன் இஷ்டம்மா."

குடை இரண்டையும் பிடுங்கினாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த எடைக் கணக்கு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. பேக்கப் கண்ணை மூடியிருந்தான். சிறிது நேரத்தில் எல்லாம் மெதுவாயிற்று.

"இப்போ கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்றாள் குடை. "போன டிஸ்குல இருந்ததை மத்ததுல திரும்ப எழுதுது. மூணு சர்வர் போதும்னு சொல்லச் சொல்லி எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. கேக்காதீங்க. நாலு வாங்குங்க. ரெண்டு இந்தக் கட்டடத்துல, ரெண்டு ஆபீஸ் கட்டடத்துல வைங்க. ஒரு கட்டடம் போனாலும் மத்தது நிக்கும். ஆனா சாட்சி ஒண்ணு வேணும்."

"என்ன சாட்சி?" என்றான் பேக்கப்.

அம்மா முந்திக்கொண்டாள். "ஊர் ரெண்டு பட்டா என்னடா ஆகும்? நடுவுல ஒயர் அறுந்தா இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. ரெண்டு பக்கமும், அவன் செத்துட்டான், இனிமே நான்தான் குடும்பத் தலைவன்னு கிளம்பிட்டா கணக்கு நாறிடும். அதனால வெளியில மூணாவது ஆள் ஒருத்தன் வேணும். சின்ன மெஷின் போதும். அவன் எந்தப் பக்கம் கை காட்டுறானோ அது ஓடும். மத்தது பேசாம நிக்கும்."

"அந்த மூணாவது ஆளும் இல்லேன்னா?"

"ரெண்டு பக்கமும் நிக்கும். பாலும் நிக்கும்."

குடை போன பிறகு அம்மா கடைசிச் சோதனையை வைத்தாள். பேக்கப்பை விட்டுக் குடையின் கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போடச் சொன்னாள். விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டு நேரம். என்ன பேச வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

"சார், பெட்டி சிவப்பா எரியுது" என்றான் பேக்கப், வியர்த்தபடி. "தண்ணி தெளிக்கட்டுமா?"

எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு, "வேண்டாங்க. தண்ணி வேண்டாம். முதல்ல அந்தச் சிவப்பு இடது பக்கமா, வலது பக்கமான்னு பார்த்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"சிரிச்சானா?" என்றாள் அம்மா.

"இல்லக்கா."

"வெச்சிடு. போதும்."

மகள் இலவச மென்பொருள் பக்கம். வேகம், நெகிழ்வு, யாருக்கும் கட்டுப்படாத சுதந்திரம் என்று அவளிடம் நியாயங்கள் இருந்தன. எல்லாம் அளந்து பார்த்த நியாயங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது பயிற்சிக் காரின் பின்சீட்டிலிருந்து அவற்றை எடுத்து வைத்தாள்.

"எல்லாத்துலயும் அதுதான்மா முந்தி. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அதுதான் உனக்குப் புடிச்சிருக்கு."

"ரொம்பப் புடிச்சிருக்கு."

"அப்புறம் என்ன?"

"அதுல ஒரு சந்தேகம்னு போன மாசம் பொதுவுல கேட்டேன். ஒருத்தன், போய்ப் படின்னு பதில் போட்டான். நான் போய்ப் படிச்சேன், சரி பண்ணினேன். பேக்கப்பு படிப்பானா? அவன் யாரைக் கூப்பிடுவான்? சுடுகாட்டுல டவர் கிடைக்குதான்னு பார்த்துட்டு வந்தியா?"

கார் லேசாகக் குலுங்கியது. அப்பா தேவையில்லாமல் பிரேக்கை மிதித்திருந்தார்.

"எனக்கு ஒரு வார்த்தையும் புரியல" என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு. "ஆனா உங்கம்மா ஜெயிச்சுட்டா."

மகள் அத்தோடு விட்டுவிட்டாள். அம்மா தனக்குப் பிடித்ததைக் கீழே வைத்துவிட்டு இன்னொருவனுக்கு ஆகிற குடையின் மென்பொருளை எடுத்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட விட்டுக் கொடுக்காதவள்.

சர்வர்கள் வந்தன. மகள்தான் தூக்கினாள், பேக்கப்தான் திருகினான், அம்மா நாற்காலியிலிருந்து திட்டினாள். டிஸ்க் தட்டுக்கு நாலு திருகாணி, உலகமே இரண்டு போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். அம்மா நாலும் போடச் சொன்னாள். சாட்சிக்கென்று தனி மெஷின் வந்துசேரவில்லை. "இப்போதைக்கு அதை ஒரு வி.எம்.மா மாமியார் மேலயே வைப்போம், அவ வெளியாள்தானே" என்றாள் அம்மா. சரிதான். மாமியார் புதுக் கிடங்குக்கு வெளியேதான் இருந்தாள்.

பிறகு மாற்றம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓடுகிற பஸ்ஸுக்கு ஆட்களை மாற்றுவது போல வி.எம்.கள் ஒவ்வொன்றாக மாமியாரிடமிருந்து புதுக் கிடங்குக்குப் போயின. எடைமேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மீந்திருந்ததையெல்லாம் அம்மா மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். இருமல் வந்திருந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். திரையில் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. சின்ன முதலாளி வந்து, "எப்போ ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சு போச்சு சார்."

"ஒண்ணுமே ஆகலையே!"

"அதுக்குத்தான் சார் சம்பளம்."

அதன் பிறகுதான் கொல்லைப்பக்கத்து டிரில். அதற்கும் பிறகு கட்டில், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். "இதுவும் முனகுது பாரு. வாழ்க்கை பூரா ஏதாவது ஒரு மாமியார்" என்றாள் அம்மா.

ஒரு காலை. டேங்கர்கள் வரும் நேரம். மகள் கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் போன் அடித்தது. பேக்கப்.

அம்மா போனைக் கையில் எடுத்துப் பெயரைப் பார்த்தாள். எடுக்கவில்லை. வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். போர்வையில் அது துடித்து அடங்கியது. மறுபடி அடித்தது.

"அம்மா, எடு."

"எதுக்கு?"

"ஏதோ ஆகியிருக்கு."

"ஆகியிருக்கும். இல்லேன்னா கொஞ்சுறதுக்கா கூப்பிடுவான்?"

அடுத்து மகளின் போன் அடித்தது. "நீயும் எடுக்காதே" என்றாள் அம்மா. அப்பா கூடத்திலிருந்து வந்தார்.

"பேக்கப் எனக்குப் போன் பண்றான்மா. கிளட்ச்ல சந்தேகம்னா சொல்றேன், வேற ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுட்டேன். டேங்கரெல்லாம் ரோடு வரைக்கும் நிக்குதாம்."

"ரெண்டு கட்டடமுமா நின்னு போச்சாம்?"

"ரெண்டும்தானாம்."

அம்மா கண்ணை மூடினாள். வாய் மட்டும் அசைந்தது. "ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல சாக்கடைக்குத் தோண்டப் போறாங்கன்னு நேத்து சொன்னான். ஒயரை அறுத்திருப்பாங்க. அறுக்கட்டும். ஒரு பக்கம் நிக்கணும், ஒரு பக்கம் ஓடணும். ரெண்டும் ஏன் நிக்குது? சாட்சி எங்கே போனான்?" சட்டென்று கண் திறந்தாள். "அடிப்பாவி."

"என்னம்மா?"

"என்னைத்தான்டி சொல்றேன். கடைசியா மொத்தமாத் தள்ளினேன் பாரு, அதுல சாட்சியும் போயிட்டான். புதுக் கிடங்குக்கு சாட்சி சொல்றவனை அந்தக் கிடங்குக்குள்ளயே படுக்க வெச்சுட்டேன். கொலை நடக்குற வீட்டுக்குள்ள சாட்சியையும் சேர்த்துப் பூட்டினா யாரு வந்து சொல்றது?"

"அப்போ சொல்லிடும்மா! ஒரே வரி!"

அம்மாவின் கை போனை நோக்கிப் போயிற்று. தப்பு அவளுடையது. பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. பேக்கப் அங்கே வியர்த்து வழிந்துகொண்டிருப்பான். போன் மறுபடி அடித்தது. விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

"சொன்னா இன்னைக்கு ஓடும். அடுத்த தடவை யாரைக் கேப்பான்?"

"பால் திரிஞ்சிடும்மா."

"திரிஞ்சா சீஸ் போடட்டும்." போனை மகளின் கையில் திணித்தாள். "இதை எங்கேயாவது கொண்டு போய் ஒளிச்சு வை. எங்க வெச்சேன்னு சொல்லாதே. சொன்னா எந்திரிச்சுப் போய் எடுத்துடுவேன்."

எழுந்து போகிற நிலையில் அவள் இல்லை. இருந்தும் மகள் போனைக் கொண்டுபோய்த் துணி துவைக்கும் மெஷினுக்குள் போட்டு மூடினாள். மூடியின் கண்ணாடி வழியாக அது வெளிச்சம் விட்டு விட்டு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்நாளில் எத்தனையோ மென்பொருளை உடைத்திருக்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

வெளிச்சம் நின்றுபோயிற்று. வெகு நேரம் வரவில்லை. கட்டிலில் அம்மா ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்து நசுக்கியிருந்தாள்.

கடைசியில் மகளின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"அக்கா, நான்தான். ஓடுது. சப்போர்ட்டுக்குப் போட்டேன். சாட்சி எங்க இருக்குன்னு முதல் கேள்வியே கேட்டாங்க. தேடினா உள்ளயே படுத்திருக்கு. இந்தக் கட்டடத்தை மட்டும் தனியா எழுப்பினோம். நானே அழுத்தினேன் அக்கா. ஒரு டேங்கர் பாலைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிடுச்சு. மத்ததெல்லாம் இறங்குது. இப்போதைக்கு என் ரெண்டாவது லேப்டாப்பை சாட்சியா வெச்சிருக்கேன். அப்புறம்... இப்படி வெச்சது யாருன்னு சப்போர்ட்டுல கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மகள் முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

"பொய் சொல்லக் கத்துக்கிட்டான். நானே அழுத்தினேன்னு வேற சொல்றான். இனிமே பொழைச்சுப்பான்."

"நீ கஷ்டப்படுத்திட்டம்மா அவரை."

"நான் மட்டும் கஷ்டப்படலையாக்கும்" என்றாள் அம்மா. மகள் எச்சில் துடைத்த துண்டை மடித்து வைத்தாள்.

அன்று சாயங்காலமே பேக்கப் வந்தான். சாட்சிக்கென்று வாங்கிய மெஷின் ஒருவழியாக வந்திருந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். அம்மா அதை மடியில் வைத்து, மூச்சு வாங்கி வாங்கித் தானே எல்லாம் அமைத்தாள். இரண்டு கட்டடத்துக்கும் வெளியே மூன்றாவது இடம் வேண்டும். ஆலையில் அப்படி இருந்த ஒரே இடம் வாசல் காவலரின் குடில். நெட்வொர்க் ஒயர் அங்கே ஏற்கெனவே போகிறது.

"கொடுங்கக்கா, போற வழியில வெச்சுட்டுப் போறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன். நான் பண்ணின கோளாறு. நானே கொண்டு போய் வைப்பேன்."

பேக்கப் மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள். அம்மா போனைக் கேட்டு வாங்கிக் காவலரைக் கூப்பிட்டாள்.

"உங்க ரூம்ல ஒரு பிளக் பாயின்ட் வேணுமே."

"இருக்கிறதே ஒண்ணுதான்மா. அதுல என் கெட்டில் இருக்கு."

"கெட்டிலைக் கழட்டுங்க."

"அம்மா, டீ இல்லாம நான் எப்படிம்மா முழிச்சிருக்கிறது?"

"நீங்க டீ குடிச்சுட்டும் தூங்குறதை நான் பார்த்திருக்கேன். சரி, சரி, சண்டை வேண்டாம். நாலு ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வரேன். உங்க கெட்டில் ஒரு ஓட்டை, என் பொட்டி ஒரு ஓட்டை. வியாழக்கிழமை வரேன். என் வீட்டுக்காரர் வண்டியில."

"கொஞ்சம் உடம்பு தேறட்டுமேம்மா."

"தேறி என்ன, ஓட்டப் பந்தயத்துக்கா போறேன்? வியாழக்கிழமை."

அப்பா வியாழக்கிழமை பாடம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. முன்சீட்டைப் பின்னால் தள்ளி, தலையணை போட்டு, ஆக்சிஜன் சிலிண்டருக்கு பெல்ட் கட்டி வைத்தார். புதன்கிழமை காலை அம்மா எழுந்திருக்கவில்லை.

ஆலையிலிருந்து எல்லாரும் வந்தார்கள். சின்ன முதலாளி பெரிய மாலை கொண்டுவந்தார். பேக்கப் இரண்டு கைக்குட்டை கொண்டுவந்தான், இரண்டும் நனைந்தன. குடை வந்தாள், குடையை வாசலிலேயே வைத்தாள். ஆலை அன்று நிற்கவில்லை. யாருக்கும் போன் வரவில்லை.

காவலர் கடைசியாக வந்தார். யாரிடம் சொல்வது என்று கூட்டத்தில் தேடி, மகளிடம் வந்தார்.

"அம்மா கேட்டாங்கன்னு அன்னைக்கே கெட்டிலைக் கழட்டிட்டேன்மா. பிளக் காலியாத்தான் இருக்கு."

மகள் தலையை ஆட்டினாள்.

சாட்சிப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், ஒயர் சுற்றியபடி இருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கியிருக்கவில்லை.